பழைய சிங்கப்பூர் நீரிணைக் கடல் வரைபடம்: பென்சில் கோடுகளை அழிக்கச் சொல்லலாமா?

கிள்ளான்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமா கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிராணியாக இருந்தவர். அந்த ஆபீஸை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்து வீட்டில் வைத்துவிட்டார். இப்போது அது என்னிடம் வந்திருக்கிறது. விரித்தால் எங்கள் சாப்பாட்டு மேசையை முழுக்க மூடிவிடும். கெட்டித் தாள், பின்பக்கம் முழுவதும் மங்கிய நீலக் காகிதம் ஒட்டியிருக்கிறது. தலைப்பு ஆங்கிலத்தில் 'சிங்கப்பூர் நீரிணை' என்று இருக்கிறது. கீழே வலது மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. ஆண்டு ஏதாவது போட்டிருந்தால் அதோடு போயிற்று.

கடல் முழுக்கப் பொடி எண்கள். பக்கத்தில் ஒற்றை எழுத்துகள். சில எண்களின் தலையில் ஒரு கோடும் அதன்மேல் ஒரு புள்ளியும். ஓரத்தில் மலைகளைக் கடலிலிருந்து பார்க்கிற மாதிரி குட்டிக் குட்டிப் படங்கள். இதெல்லாம் அச்சு. இதற்கு மேல் யாரோ மேற்கிலிருந்து கிழக்காகப் பென்சிலில் கோடுகள் இழுத்து, அங்கங்கே குறுக்கே கீறி மணி எழுதியிருக்கிறார்கள்.

சட்டம் போடுகிற கடைக்காரர், மருந்து வைத்துக் கழுவி, பென்சிலையும் பழுப்பையும் எடுத்து, லேமினேட் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுமாலுமி எழுதியது:

தம்பி, முதலில் கடைக்காரருக்கு ஃபோன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பலிலும் எண்ணெய்க் கப்பலிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செகண்ட் ஆபீசராக இருந்த வருடங்களில் சார்ட் அறைதான், அதாவது கடல் வரைபடங்கள் இருக்கும் அறைதான், எனக்கு வீடு. வாராவாரம் வருகிற மாலுமிகள் அறிவிப்பைப் பார்த்து, ஊதா மையில் ஒவ்வொரு சார்ட்டாகத் திருத்திக்கொண்டிருப்போம். இங்கே ஒரு மிதவை எடுத்தாயிற்று, அங்கே ஒரு விளக்கின் நிறம் மாறிற்று என்று. திருத்தி முடித்ததும் இடது கீழ் மூலையில் அறிவிப்பின் எண்ணைக் குறிக்க வேண்டும். எலக்ட்ரானிக் சார்ட் வந்தபிறகு அந்த மை பாட்டில் பெரும்பாலான கப்பல்களில் இல்லை. அதனால் இப்படி ஒரு கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

நீலக் காகிதம் என்றீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல்டி சார்ட்டுகளுக்கு அப்படி முதுகு கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் தனியார் பதிப்பாளர்கள் வணிகக் கப்பல்களுக்கு என்றே சார்ட் அச்சடித்து விற்றார்கள். தாள் கிழியாமல் இருக்க, பின்னால் நீலக் காகிதம் ஒட்டுவார்கள். அவற்றுக்கு 'புளூபேக்' என்றே பெயர். உங்களுடையது அந்தச் சாதியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் யார் வெளியிட்டது, எந்தத் தெரு என்று இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

எண்கள் எல்லாம் ஆழம். மீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் பாகக் கணக்கு. எங்கள் ஊர் மீனவர்கள் இரண்டு கையையும் விரித்து அளப்பார்களே, அதே பாகம்தான். ஒரு பாகம் 6 அடி, 1.83 மீட்டர். அந்தக் காலத்தில் எப்படி அளந்தார்கள் என்று தெரிந்தால் அந்த எண்களின்மேல் ஒரு மரியாதையே வந்துவிடும். 7 முதல் 14 ராத்தல் எடையுள்ள ஈயக்குண்டு, அதில் கட்டிய கயிறு. கயிற்றில் 2 பாகத்தில் இரண்டு வார்த் தோல், 3இல் மூன்று வார், 5இல் வெள்ளைத் துணி, 7இல் சிவப்பு, 10இல் ஓட்டை போட்ட தோல், 13இல் நீலம், 15இல் மறுபடி வெள்ளை, 17இல் மறுபடி சிவப்பு, 20இல் இரண்டு முடிச்சு. துணிகளும் ஒரே ரகமாக இருக்காது. ராத்திரியில் நிறம் தெரியாது அல்லவா, கையால் தடவியோ உதட்டில் வைத்தோ இது எந்த அடையாளம் என்று சொல்லிவிடுவார்கள். கப்பலின் ஓரத்தில் நின்று குண்டை முன்பக்கமாக வீசி எறிந்து, கப்பல் அதற்கு நேர்மேலே வரும்போது கயிற்றைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். உங்கள் மேசையில் கிடக்கிற ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒருவன் நனைந்த கயிற்றை இழுத்திருக்கிறான்.

குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் மாட்டுக் கொழுப்பைத் திணித்து வைப்பார்கள். அடியில் போய் இடித்ததும் அங்கே இருப்பது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஒற்றை எழுத்து அதுதான். 'எம்' என்றால் சேறு, 'எஸ்' மணல், 'எஸ்எச்' சிப்பி, 'ஆர்' பாறை. இதை அழகுக்காகப் போடவில்லை. பாய்மரக் கப்பல் இந்த நீரிணைகளில் காற்று செத்துப்போய் நீரோட்டம் எதிர்த்து வந்தால் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். ஓட்டம் திரும்பினால் கிளம்பும். ராத்திரியில் சுமாத்ரா என்கிற திடீர்க் காற்று அடித்தால் மறுபடி நங்கூரம். சேற்றில் நங்கூரம் பிடிக்கும், பாறையில் வழுக்கும், இல்லையென்றால் மாட்டிக்கொண்டு வராது. ஆகவே இந்தக் கடலில் அடி என்ன என்பது ஆழத்துக்குச் சமமான செய்தி.

தலையில் கோடும் புள்ளியும் உள்ள எண் ஆழம் அல்ல. 'இத்தனை பாகம் கயிறு விட்டோம், தரை தட்டவில்லை' என்று அர்த்தம்.

இப்போது நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கிழக்குக் கோடியில் பெட்ரா பிராங்கா பாறை, அதில் விளக்குக் குறி இருக்கிறதா? தென்மேற்கே ராஃபிள்ஸ் விளக்கு? சிங்கப்பூருக்கு மேற்கே சுல்தான் ஷோல் விளக்கு? பிளாக்காங் மாத்தி தீவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே உள்ள துறைமுகத்துக்கு என்ன பெயர்? அதோடு, எங்கேயாவது நெளிநெளியாக ஒரு கோடு கரைக்குப் போகிறதா என்றும் பாருங்கள்.

தெலுக்பிளாங்கா எழுதியது:

நான் அந்தத் துறைமுகத்துக்கு எதிரேதான் குடியிருக்கிறேன். பிளாக்காங் மாத்தி என்றால் இன்றைய செந்தோசா, புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கு வாசலில் பல்லுப் போல ஒரு பாறை நின்றது. பழைய சீன மாலுமிகள் சொன்ன 'நாகப்பல் வாசல்' அதுதான் என்பார்கள். ஆங்கிலேயர் அதற்கு 'லோத்தின் மனைவி' என்று பெயர் வைத்து, 1848இல் வெடி வைத்துத் தகர்த்தும் விட்டார்கள். பெரிய கப்பலுக்கு வழி வேண்டும் என்று. இப்போது லாப்ரடார் பூங்காவில் ஒரு நகல் பாறை நட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் பக்கத்திலேயே சரக்குக் கப்பல் போவதால் அது சின்னதாகத் தெரியும். உங்கள் வரைபடத்தில் அந்தப் பாறை இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

பத்திரமாக வையுங்கள். இந்த வட்டாரத்தில் பழைய தாள் வழக்கில்கூட நிற்கும். பெட்ரா பிராங்கா யாருக்கு என்ற வழக்கு ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 2008 மே மாதம் சிங்கப்பூருக்கு என்று தீர்ப்பானது. பக்கத்து மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு. மலேசிய அளவைத் துறையே 1962 முதல் 1975 வரை வெளியிட்ட சில படங்களில் அந்தப் பாறையின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று அச்சாகியிருந்தது. நீதிபதிகள் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் கிள்ளான்காரர், நான் இந்தப் பக்கம், சண்டைக்கு இழுக்கவில்லை :)

கிள்ளான்காரன் எழுதியது:

சண்டையா? தீர்ப்பு வந்த அன்று எங்கள் வீட்டில் பாதிப் பேர் உங்கள் பக்கம், அத்தை ஜூரோங்கில் இருக்கிறார் :)

கேப்டன் ஐயா, கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது அவருக்கு. பார்த்தவை:

பெட்ரா பிராங்காவில் விளக்கு இருக்கிறது, 'ஹார்ஸ்பர்க்' என்று பெயர் போட்டு. அதன்மேல் மஞ்சளும் சிவப்புமாகக் கையால் ஒரு சொட்டு வண்ணம் வைத்திருக்கிறார்கள். ராஃபிள்ஸ் விளக்கும் அப்படியே. சுல்தான் ஷோல் என்ற பெயர் இருக்கிறது, விளக்கு இல்லை. துறைமுகத்துக்கு 'நியூ ஹார்பர்' என்று போட்டிருக்கிறது. நெளிகோடு ஒன்று மேற்கிலிருந்து வந்து சிங்கப்பூர் கரையில் முடிகிறது. தெலுக்பிளாங்கா அண்ணே, நீங்கள் சொன்ன பாறை இல்லை.

வெளியிட்டவர் பெயரும் கிடைத்தது: ஜேம்ஸ் இம்ரே அண்ட் சன், மைனரீஸ், லண்டன்.

பென்சில் கோடு ராஃபிள்ஸ் விளக்குக்குத் தெற்கே தொடங்குகிறது. அங்கே 6.10 என்று இருக்கிறது. கிழக்கே ஹார்ஸ்பர்க் விளக்குக்கு வடக்கே 10.50. நடுவில் மூன்று இடத்தில் கீறல், இரண்டு இடத்தில் கோடு லேசாகத் திரும்புகிறது. தேதி கிடையாது.

இன்னொரு சந்தேகம். ஹார்ஸ்பர்க் விளக்கின் தீர்க்கரேகையை ஓரத்து அளவோடு வைத்துப் பார்த்தேன். என் ஃபோன் காட்டுவதோடு சரியாகப் பொருந்தவில்லை. அளந்தவர்கள் தப்பாக அளந்தார்களா?

ஓய்வுமாலுமி எழுதியது:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஹார்ஸ்பர்க் விளக்கு 1851இல் எரியத் தொடங்கியது. கட்டியவர் சிங்கப்பூர் அரசு அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன், கல் புலாவ் உபினிலிருந்து வந்தது. ராஃபிள்ஸ் விளக்கு 1855. ஆகவே அதற்கு முந்தைய அச்சு இல்லை. நெளிகோடு கடலடித் தந்திக் கம்பி. மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கம்பி போட்டு முடித்தது 1870-71 வாக்கில். மேற்கிலிருந்து வருகிற கோடு அதுவாகத்தான் இருக்க வேண்டும், எனவே கீழ் எல்லையை அங்கே நகர்த்தலாம். நியூ ஹார்பர் என்ற பெயரை மாற்றிக் கெப்பல் ஹார்பர் என்று வைத்தது 1900இல். சுல்தான் ஷோல் விளக்கு வந்தது 1890களின் நடுவில். ஆக, 1871க்கும் 1890களின் நடுவுக்கும் இடையில் அச்சான சார்ட் என்று சொன்னால் பெரிய பிழை வராது.

ஆனால் ஒன்று, இருப்பதை நம்புங்கள், இல்லாததைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். விளக்கு இருந்தால் அது கட்டின பிறகு அச்சடித்தது, அதில் பேச்சில்லை. விளக்கு இல்லையென்றால் பதிப்பாளர் பழைய செப்புத் தகட்டைத் திருத்தாமலே ஓட்டியிருக்கலாம். தனியார் பதிப்பாளர்கள் அப்படிச் செய்வது உண்டு. ஒரு தகடு வெட்டுவது பெரிய செலவு, கிடைத்த வரைக்கும் அச்சடித்து விற்பார்கள். இம்ரே, லாரி, நோரி-வில்சன் என்ற பழைய சார்ட் கம்பெனிகள் எல்லாம் 1904 வாக்கில் ஒன்றாகிவிட்டதால், 'இம்ரே அண்ட் சன்' என்று மட்டும் போட்டிருப்பது அதற்கு முந்தையது. மேல் எல்லைக்கு அது இன்னொரு பிடி.

தீர்க்கரேகை விஷயம். தப்பாக அளந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்சரேகையை நட்சத்திரத்தையோ நடுப்பகல் சூரியனையோ பார்த்து எடுத்துவிடலாம். தீர்க்கரேகைக்கு நேரம் வேண்டும். அடிப்படை இடத்து நேரத்தைக் க்ரோனோமீட்டர் என்கிற துல்லியக் கடிகாரத்தில் ஏந்திக்கொண்டு வர வேண்டும், வழியில் தெரிந்த இடம் வரும்போது சரிபார்க்க வேண்டும். அந்தத் 'தெரிந்த இடத்திலேயே' பிசகு இருந்தால் கிழக்கே எல்லாம் பிசகும். நம்ம நுங்கம்பாக்கம் வானாய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. வானியலும் புவியியலும் கடலோட்டமும் வளரத்தான் கட்டினார்கள். அதன் தீர்க்கரேகையில் முதலில் எடுத்துக்கொண்ட மதிப்பு பழைய இந்திய நில அளவைப் படங்களில் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்து, 2 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் காட்டியது. நிலநடுக்கோட்டுப் பக்கம் 2 நிமிடம் என்றால் 2 கடல் மைல், 3.7 கிலோமீட்டர். இது போக, பிரெஞ்சு சார்ட் என்றால் பாரிஸிலிருந்து எண்ணுவார்கள், பழைய டச்சுப் படங்கள் பல டெனெரிஃப் சிகரத்திலிருந்து. உங்களுடையது கிரீன்விச், அந்தக் குழப்பம் இல்லை.

என் காலத்திலேயே ஜிபிஎஸ் வந்த புதிதில், சார்ட்டின் ஓரத்தில் 'செயற்கைக்கோளில் எடுத்த இடத்தை இத்தனை நிமிடம் நகர்த்திக் குறிக்கவும்' என்று குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் குறித்தால் கப்பல் தீவின் மேலே நிற்கும். பழைய ஆட்கள் இதற்குக் கவலைப்பட்டதே இல்லை. அவர்கள் தீர்க்கரேகையை வைத்து நீரிணைக்குள் ஓட்டவில்லை. இந்த மலை இந்தத் திசையில், அந்த விளக்கு அந்தத் திசையில், இரண்டு கோடும் வெட்டுகிற இடம் நான். விளக்கும் பாறையும் சார்ட்டில் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால் போதும், மொத்தமும் ஒரு மைல் கிழக்கே தள்ளி இருந்தாலும் கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. ஓரத்தில் இருக்கும் மலைப் படங்கள் அதற்காகத்தான். ஜோகூரின் தென்கிழக்கு முனையில் 'பார்புசெட் ஹில்' என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். சீனக் கடலிலிருந்து நீரிணைக்குள் வருகிறவனுக்கு அது பெரிய அடையாளம்.

விளக்குக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் ஈலி என்ற கடற்கரை ஊர்க்காரர். 1786இல் 'அட்லஸ்' என்ற கப்பலில் முதல் மேட்டாக (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, இலங்கைக்கு வரும்போது இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா தீவில் கப்பல் மோதி உடைந்தது. சார்ட் தவறு. அதற்குப் பிறகு அவர் பயணம் செய்த இடமெல்லாம் அளந்து, குறித்து, அந்தக் குறிப்புகளிலிருந்து கிழக்குக் கடல்களுக்கான வழிகாட்டி நூலை எழுதினார். 1810இல் கம்பெனியின் கடல் அளவை அதிகாரியானார். விளக்கு கட்டும்போது அவர் உயிரோடு இல்லை. சீனாவின் கான்டன் துறைமுக வணிகர்கள் அவர் நினைவுக்குப் பணம் திரட்டியதில் தொடங்கிய வேலை அது.

இனி பென்சில். ராஃபிள்ஸ் விளக்கிலிருந்து ஹார்ஸ்பர்க் விளக்குக்கு ஏறத்தாழ 41 கடல் மைல். 6.10க்கும் 10.50க்கும் நடுவே 4 மணி 40 நிமிடம். வகுத்தால் மணிக்கு 9 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. கோடு இரண்டே இடத்தில் திரும்புகிறது, நங்கூரம் இல்லை, வளைந்து வளைந்து போகவில்லை. தம்பி, இது நீராவிக் கப்பல். பாய்மரக் கப்பலாக இருந்தால் உங்கள் தாள் கோழி கிளறின மாதிரி இருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள், சிங்கப்பூருக்குள் நுழையாமல் நேரே போயிருக்கிறது. நிலக்கரி கையில் இருந்திருக்கிறது. ஹாங்காங் பக்கம் போகிற கப்பலாக இருக்கலாம். நடுவில் உள்ள மூன்று கீறலிலும் மணி இருந்தால் எழுதுங்கள், நீரோட்டம் அவரைத் தள்ளியதா இழுத்ததா என்றுகூடப் பார்த்துவிடலாம்.

இதைத்தான் கழுவி எடுக்கவிருந்தார் உங்கள் கடைக்காரர். இம்ரே அச்சடித்த தாள் வேறு இடங்களிலும் இருக்கும். இந்த மனிதர் போட்ட கோடு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

சுவடிப்பித்தன் எழுதியது:

கேப்டன் ஐயா சொன்னதற்குப் பிறகு பேச எனக்குப் பயம்தான். நான் வரலாறு படிக்கிறவன், கடலில் இறங்கினால் வாந்தி எடுப்பவன். இருந்தாலும் ஒன்று சேர்க்கிறேன்.

இந்தக் கடலை வெள்ளைக்காரர்கள் வந்துதான் வரைந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1512 ஏப்ரலில், மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு ஜாவா மாலுமியின் பெரிய வரைபடத்தைப் பற்றிச் சொல்கிறார். நன்னம்பிக்கை முனை, செங்கடல், பாரசீகக் கடல், கிராம்புத் தீவுகள், சீனர்கள் போகும் வழிகள் எல்லாம் அதில் இருந்தன, பெயர்கள் ஜாவா எழுத்தில் இருந்தன என்கிறார். தான் பார்த்ததிலேயே சிறந்தது என்று புகழ்கிறார். மலாக்காவைக் கொள்ளையடித்த பொருளோடு 'ஃப்ளோர் டி லா மார்' கப்பலில் ஏற்றினார்கள். 1511 கடைசியில் சுமாத்ரா கரையோரம் அது மூழ்கியபோது வரைபடமும் போய்விட்டது. பிரான்சிஸ்கோ ரோட்ரிக்ஸ் என்ற மாலுமி ஒரு பகுதியை நகல் எடுத்திருந்ததால் மன்னருக்கு அதையாவது அனுப்ப முடிந்தது. எத்தனையோ தங்கம் மூழ்கியதாக அந்தக் கப்பலைப் பற்றிக் கதை சொல்வார்கள். எனக்கு அந்தத் தாள்தான் வேண்டும்.

சீனர்கள் வரைந்தது முற்றிலும் வேறு மாதிரி. 1621ஆம் ஆண்டு தொகுத்த 'வூ பெய் ழி' என்ற படைநூலில் ஒரு வரைபடம் இருக்கிறது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணங்களோடு சேர்த்துப் பேசப்படுவது. அளவு, விகிதம் எதுவும் கிடையாது. கடற்கரை ஒரு நீளப் பட்டையாக ஓடும். நடுவே புள்ளிக்கோட்டில் வழி. வழிநெடுக 'இந்தத் திசைமுனையில் இத்தனை சாமம் ஓட்டு' என்று எழுத்து. ஒரு நாளுக்குப் பத்துச் சாமம். திசைகாட்டியில் 24 பிரிவு. தெமாசெக்கும் (பழைய சிங்கப்பூர்) நாகப்பல் வாசலும் மலாக்காவும் அதில் இருக்கின்றன. தெருவில் வழி சொல்கிறவன் மாதிரிதான், வடக்கு எது என்று அவனுக்குக் கவலை இல்லை.

சுலவேசித் தீவைச் சேர்ந்த புகிஸ் மாலுமிகளின் வரைபடம் ஒன்று நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, 1816ஆம் ஆண்டது. தோலில் வரைந்து, புகிஸ் எழுத்தில் ஊர்ப்பெயர்கள். ஐரோப்பியச் சார்ட்டுகளைப் பார்த்துத்தான் கரையோரங்களை வரைந்திருக்கிறார்கள், ஆனால் தங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டார்கள்.

டச்சுக்காரர்கள் வேறு ரகம், அவர்கள் ஒளித்து வைத்தார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சார்ட்டுகளைக் கையாலேயே வரைந்து, பயணம் முடிந்ததும் திருப்பி வாங்கிவிடுவார்கள். ஆசியக் கடல்களின் அந்தச் சார்ட்டுகள் வான் கியூலன் அச்சகத்தின் ஆறாம் தொகுதியாக வெளியே வந்தது 1753இல்தான். அந்த ரகசியம் காத்தவர்கள் முதலில் வழி தெரிந்துகொண்டது எப்படி என்றால், கோவாவில் வேலை பார்த்த லின்ஸ்ஹோட்டன் போர்ச்சுகீசியரின் வழிக்குறிப்புகளைக் கொண்டுபோய் 1595-96இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார்!

கடைசியாக ஒன்று, தஞ்சாவூர்க்காரன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் கடல் அளவை அதிகாரி அலெக்சாண்டர் டால்ரிம்பிள், மதராஸில் கம்பெனி எழுத்தராக வேலை தொடங்கியவர். 1759இல் மதராஸிலிருந்து கிழக்கே, இன்றைய பிலிப்பைன்ஸின் தெற்கில் உள்ள சூலு பக்கம் போனார். கப்பலின் பெயர் 'கடலூர்'.

தெலுக்பிளாங்கா எழுதியது:

கடலூரா! இதை என் மாமனாரிடம் சொல்ல வேண்டும், அவர் ஊர் அது. இனி ஒரு மாதத்துக்கு வேறு பேச்சு இருக்காது.

கேப்டன், ஒரு கேள்வி. உங்கள் காலத்தில் நல்ல சார்ட் இருந்தும் இங்கே கப்பல் தட்டியது ஏன்?

ஓய்வுமாலுமி எழுதியது:

சுவடிப்பித்தன் தம்பி, வாந்தி எடுப்பதற்கெல்லாம் வெட்கப்படாதீர்கள், கேப்டன்களிலும் அப்படி உண்டு. ஜாவாக்காரரின் வரைபடத்தைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் புதிது, சந்தோஷம். ஹார்ஸ்பர்க் புத்தகத்தைப் படித்தாலே தெரியும், எத்தனையோ இடத்தில் உள்ளூர் மாலுமி சொன்னதுதான் ஆங்கிலத்தில் இருக்கிறது.

தட்டியது ஏன் என்றால், கப்பல் வளர்ந்த வேகத்துக்குச் சார்ட் வளரவில்லை. உங்கள் இம்ரே காலத்துக் கப்பலுக்கு 4 பாகம் தண்ணீர் இருந்தால் போதும். ஆழமான இடத்தில் இருக்கிற பாறையைத் தேட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. அதோடு ஈயக்குண்டு விழுந்த இடத்தின் ஆழம்தான் தெரியும், இரண்டு குண்டுக்கு நடுவே கூராக ஒரு பாறை நின்றால் தெரியாது. 1975 ஜனவரியில் ஷோவா மாரு என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல், இரண்டு லட்சம் டன்னுக்கு மேல், பஃபலோ ராக் பக்கம் தரை தட்டி எண்ணெய் கொட்டியது. அதற்கு முன்பே ஜப்பானும் மூன்று கரை நாடுகளும் சேர்ந்து மறு அளவை தொடங்கியிருந்தன. 1981 முதல் போக வர தனித்தனி வழி வந்தது. பெரிய கப்பலுக்குக் கீழ்த்தட்டுக்கும் தரைக்கும் நடுவே எப்போதும் 3.5 மீட்டர் தண்ணீர் வேண்டும் என்ற விதியும் வந்தது.

இத்தனைக்குப் பிறகும் கிள்ளானுக்கு எதிரே ஒன் ஃபாதம் பேங்க் பக்கம் நிறைய எண்ணெயோடு போகும்போது எனக்கு வாய் உலரும். அங்கே அடியில் மணல் மேடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். சார்ட்டில் போட்டிருக்கும் ஆழம் அளந்த அன்றைய ஆழம். ஓதம் ஏறுகிற நேரத்தைக் கணக்குப் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஒலியால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் போவோம். கிள்ளான்காரத் தம்பி, உங்கள் ஊருக்கு எதிரேதான், தெரியுமா?

சார்ட்டில் எண்ணே இல்லாத வெற்றிடங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். தண்ணீர் ஆழமாக இருப்பதால் விட்டார்கள் என்று பலர் நினைப்பார்கள். அங்கே யாரும் போகவில்லை, அவ்வளவுதான். எண்கள் வரிவரியாக ஓடினால் ஒரு படகு அந்த வழியாகப் போயிருக்கிறது. 'பி.டி.' என்று போட்டிருந்தால் பாறை இருக்கிறது, இடம் நிச்சயமில்லை. 'ஈ.டி.' என்றால் பாறை இருப்பதே நிச்சயமில்லை, யாரோ ஒரு கேப்டன் பார்த்ததாகச் சொன்னார். அதை எடுக்கத் துணிச்சல் வேண்டும், யாருக்கும் துணிச்சல் வராது. தென்சீனக் கடலின் பாராசெல் தீவுகளை அப்படித்தான் பல தலைமுறையாக வியட்நாம் கரையோரம் நீளமாக ஒரே திட்டாக வரைந்துகொண்டிருந்தார்கள். 1808இல் பம்பாய் மரைன் என்கிற கம்பெனிக் கடற்படையின் டேனியல் ராஸ் போய் அளந்தபிறகுதான் அது சுருங்கியது.

பாதுகாப்புக்கு: சுருட்டி வைக்காதீர்கள், நீலக் காகிதம் காய்ந்து வெடிக்கும். அமிலம் இல்லாத தாளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். செலோடேப் கிட்டவே வரக்கூடாது, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நல்ல ஸ்கேன் எடுத்து அதன் நகலை மாட்டுங்கள். பென்சில் தெரிய வேண்டுமானால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒரு ஃபோட்டோ எடுங்கள், அழிந்த எழுத்துகூடத் தெரியும்.

கிள்ளான்காரன் எழுதியது:

ஒன் ஃபாதம் பேங்க் எதிரே என்று இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. மாமாவிடம் கேட்டால், தெரியாமல் எப்படி இருந்தாய் என்கிறார்.

சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன் ஐயா. நடுக் கீறல்களில் மணி இருக்கிறது: 7.25, 8.30, 9.40. கடைசிக் கீறலுக்குப் பக்கத்தில் மிக மங்கலாக ஓர் எழுத்தும் எண்ணும், '1½' என்று படிக்கிறேன், ஒரு சின்ன அம்புக்குறியோடு.

ஓய்வுமாலுமி எழுதியது:

அம்பு கிழக்கே பார்க்கிறதா மேற்கேயா? கிழக்கே என்றால் 1½ நாட் (மணிக்கு 1½ கடல் மைல்) நீரோட்டம் அவரைத் தள்ளியிருக்கிறது, கப்பலின் சொந்த வேகம் 7½ பக்கம்தான். மேற்கே என்றால் 10 நாட்டுக்கு மேல் ஓடக்கூடிய கப்பல், அது வேறு தரம். ஒவ்வொரு கீறலுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கவராயத்தில் எடுத்து, தாளின் இடது வலது ஓரத்து அட்சரேகை அளவில் வைத்துப் பாருங்கள், கீழ் ஓரத்தில் வைக்காதீர்கள். ஒரு நிமிடம் ஒரு மைல். நான்கு தூரத்தையும் இங்கே போடுங்கள்.